பதினோரு தையல்

ஆகஸ்ட் 4, திங்கள்

பத்தாம் வகுப்பு ஆ பிரிவின் வகுப்பாசிரியை அவர்களுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் உங்கள் வகுப்பில் படிக்கும் பெண்ணின் அம்மா. பதிவேட்டில் அவள் இருபத்துமூன்றாம் எண். வீட்டில் பாப்பு. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் எனக்கு வேலை. காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் மாலை நாலுக்குத்தான் வெளியே வருவேன். அதனால் நேரில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுடைய போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டீர்களாம். இந்த வருஷத்திலிருந்து எல்லாரும் முதல் மணி அடித்ததும் சுவரில் மாட்டியிருக்கும் துணிப்பையில் போனைப் போட வேண்டும் என்று சட்டம் வந்தது எனக்குத் தெரியும். போன வருஷம் வரை பாடம், வீட்டுப்பாடம், கேள்வி பதில் எல்லாம் போனில்தான் வரும், போன் இல்லாமல் அனுப்பாதீர்கள் என்று சொன்னதும் இதே பள்ளிக்கூடம்தான் என்பதும் தெரியும். அதை விடுங்கள். தப்பு செய்தால் ஒரு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுங்கள். இன்றோடு நாலு நாள் ஆகிறது. பெண் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்கிறாள்.

அந்தப் போன் அவள் அப்பாவுடையது. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதில் எங்கள் வீட்டு விஷயம் எத்தனையோ இருக்கும். அது யார் கையில் இருக்கிறது, யார் திறந்து பார்க்கிறார்கள் என்று நான் கேட்கலாம் இல்லையா?

இன்னொன்று. அவள் நோட்டில் சிவப்பு மையில், "பெற்றோருக்குப் பலமுறை செய்தி அனுப்பியாயிற்று" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு செய்தியும் வரவில்லை. பொய்யைச் சிவப்பு மையில் எழுதினாலும் பொய்தான்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் உங்கள் பள்ளி ஆயாக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நல்லவர்தான். ஆனாலும் ஒட்டின உறையை நீராவியில் காட்டினால் அரை நிமிஷத்தில் பிரிந்துவிடும் என்று, நாள் முழுக்க நீராவியில் நிற்கும் எனக்குத் தெரியும். அதனால் உறையின் வாயைச் சிவப்பு நூலால் தைத்திருக்கிறேன். எந்த வார்டு விரிப்பு என்று தெரிவதற்கு நாங்கள் ஓரத்தில் போடும் நூல் அது. பதினோரு தையல். எண்ணிப் பார்த்துவிட்டுப் பிரியுங்கள் என்று உறைமேலும் எழுதியிருக்கிறேன். பதிலைப் பாப்பு கையில் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பாப்புவின் அம்மா


ஆகஸ்ட் 5, செவ்வாய்

அன்புள்ள அம்மா,

இப்படி விளிப்பதா வேண்டாமா என்று யோசித்து, கை பழகிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் தையலை எண்ணினேன். பத்துதான் இருந்தது. ஆயா வழியில் பிரிக்கவில்லை என்று சத்தியம் செய்கிறார்.

போன் ஆசிரியர் அறைப் பீரோவில், அணைத்த நிலையில், என் பூட்டுக்குள் இருக்கிறது. யாரும் திறக்கவில்லை. உங்கள் மகள் துணிப்பையில் என்ன போட்டிருந்தாள் என்று அவள் சொல்லியிருக்க மாட்டாள். ஒரு சோப்புப் பெட்டி. கைக்குட்டையில் சுற்றி, வெளியிலிருந்து தொட்டால் போன் என்றே தோன்றும்படி செய்து போட்டிருந்தாள். ஜூன் மாதத்திலிருந்து தினமும் இந்தச் சோப்புப் பெட்டிதான் உள்ளே போயிருக்கிறது என்று இப்போது தெரிகிறது. வெள்ளிக்கிழமை மேசைக்கு அடியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது பக்கத்துப் பெண் சிரித்துவிட்டாள், அதனால் பிடிபட்டாள். "யாருக்கு?" என்றேன். "அவசரம் டீச்சர்" என்றாள்.

இதையெல்லாம் நான் அன்று மாலையே உங்களுக்கு எழுதினேன். சனிக்கிழமை எழுதினேன். ஞாயிறும் எழுதினேன். ஒரு பதிலும் இல்லை. பதினோரு மாதமாக எந்தச் செய்தி போட்டாலும் ஒரு மணி நேரத்துக்குள் பதில் போட்ட நீங்கள், திடீரென்று வாயை மூடிக்கொண்டு, நாலாம் நாள் இப்படி ஊசியும் நூலுமாகக் கடிதம் அனுப்புகிறீர்கள். "செய்தியே வரவில்லை" என்கிறீர்கள். நான் பொய் எழுதுகிறேன் என்கிறீர்கள்.

ஒன்றை நேராகவே கேட்டுவிடுகிறேன். நான் உங்களிடம் சொன்ன அந்த விஷயத்தை யாரிடமாவது சொல்லிவிட்டு, இப்போது நமக்குள் எழுத்துப் பரிமாற்றமே நடக்கவில்லை என்று காட்டிக்கொள்கிறீர்களா? அது வெளியே தெரிந்தால் என் வகுப்பு போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். என் தங்கை என்று நினைத்துச் சொன்னேன். தலைமையாசிரியையிடம் போவதாக இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

நானும் தைத்திருக்கிறேன். எனக்குத் தையல் வராது. ஏழு வரைதான் எண்ண முடிந்தது, மீதி சிக்கிக்கொண்டது.

இப்படிக்கு,
வகுப்பாசிரியை


ஆகஸ்ட் 6, புதன்

டீச்சர் அவர்களுக்கு,

முடிச்சையும் சேர்த்துப் பதினொன்று. கணக்கு டீச்சருக்கு இதையும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆயாக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், என் சார்பிலும்.

சோப்புப் பெட்டி எங்கள் வீட்டுடையதுதான். ஜூனிலிருந்து காணவில்லை என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அந்த விஷயத்தில் நீங்கள் செய்தது சரி. அதற்காகத் தலைகுனிகிறேன்.

மற்றது எதுவும் எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று முதலில் நினைத்தேன். பிறகு, எந்தப் பொல்லாப்பிலோ என்னை இழுத்துவிடப் பார்க்கிறீர்களோ என்று தோன்றியது. சந்தேகப்படுவது என் கூடப் பிறந்த குணம், மறைப்பானேன். என்ன தங்கை? என்ன பதினோரு மாதம்? நீங்கள் எந்த விஷயத்தை என்னிடம் சொன்னீர்கள்? என்னிடம் இருப்பது பட்டன் போன். தமிழில் செய்தி வந்தால் அதில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதையும் வேலைக்குள் கொண்டுபோக முடியாது, வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். உங்கள் பிள்ளைகளுக்குத் துணிப்பை, எங்களுக்குத் தகரப் பெட்டி. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் உங்களைப் பார்த்ததே ஒரே ஒரு முறை. மார்ச்சில் பெற்றோர் கூட்டம். ஆயாக்கா சொல்லித்தான் எனக்குக் கூட்டம் என்றே தெரியும். அரை நாள் விடுப்புப் போட்டு வந்தேன். உங்கள் மேசைக்கு இந்தப் பக்கம், ஜன்னல் ஓரம் நின்றேன். கூட்டம் நெரிந்தது. "என் பொண்ணு எப்படிப் படிக்கிறா டீச்சர்?" என்று மூன்று முறை கேட்டேன். நீங்கள் திரும்பவே இல்லை. எதிரில் நின்ற வங்கிக்கார அம்மாவைப் பார்த்துச் சிரித்துப் பேசினீர்கள். என் கையில் சோப்பு வாடை அடித்ததோ என்னவோ. சலவைக்காரிக்குப் பதில் எதற்கு என்று விட்டுவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டு படி இறங்கிவிட்டேன். வயிறு எரிந்தது. இன்று வரை பாப்புவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட நீங்கள் என்னைத் தங்கை என்றால் நான் என்ன நினைப்பது? எந்த எண்ணுக்கு எழுதினீர்கள், யார் பதில் எழுதினார்கள், என்ன எழுதினார்கள்? எல்லாவற்றையும் தாளில் எழுதி அனுப்புங்கள். அதுவரை நான் எதையும் நம்புவதாக இல்லை.

இப்படிக்கு,
பாப்புவின் அம்மா


ஆகஸ்ட் 7, வியாழன்

அம்மா அவர்களுக்கு,

கேட்டபடி எழுதுகிறேன். எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் கூட்டத்துக்கு நீங்கள் வந்தீர்களா? மறுநாளே, "உங்களை எதிர்பார்த்தேன், ஏன் வரவில்லை?" என்று எழுதினேன். "வேலை டீச்சர், லீவு கிடைக்கல" என்று பதில் வந்தது. அது நீங்கள் எழுதியதில்லை என்றால், யாரோ எழுதியது.

சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். பெற்றோர் கைபேசி எண் என்ற இடத்தில், நாற்பத்திரண்டில் முடியும் ஒரு எண் இருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்து. நான் எழுதியதெல்லாம் அந்த எண்ணுக்குத்தான். நான் போனில் பேசுகிறவள் இல்லை, அதற்குக் காரணம் உண்டு. அதனால் ஒரு நாளும் கூப்பிட்டுக் குரல் கேட்டதில்லை.

நேற்று மாலை எல்லாரும் போன பிறகு பீரோவைத் திறந்து உங்கள் மகளின் போனை இயக்கினேன். பூட்டுத் திரையைத் தாண்டவில்லை, தாண்டவும் தெரியாது. அரை நிமிடத்தில் செய்திகள் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து விழுந்தன. வெள்ளி, சனி, ஞாயிறு என்று நான் உங்களுக்கு அனுப்பியவை. மேலே என் பெயர், "கணக்கு டீச்சர்" என்று. என் கையில் இருந்த போனுக்கு நானே மூன்று நாள் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் போனுக்கு வந்த பதில்களில் சிலவற்றை அப்படியே பார்த்து எழுதுகிறேன்.

செப்டம்பரில், காலாண்டுக் கணக்கில் தொண்ணூற்றொன்று என்று நான் எழுதியதற்கு: "ரொம்ப சந்தோஷம் டீச்சர். அவகிட்ட நான் இதெல்லாம் சொல்றதில்ல. சொன்னா அழுதிடுவேனோன்னு பயம். அவ குளிக்கப் போனதும் மார்க் சீட்டை எடுத்து ரெண்டு தடவ பாத்தேன்."

டிசம்பரில்: "அவங்க அப்பா போனதுல இருந்து வீட்ல பேச்சு கொறஞ்சுபோச்சு டீச்சர். நாள் பூரா துணி மடிக்கிற கை, வீட்டுக்கு வந்தா பேச்சையும் மடிச்சு வச்சிடுது. அவளுக்கும் எனக்கும் நடுவுல நீங்க பேசறதுதான் பேச்சு."

ஏப்ரலில், என் விஷயத்தை நான் முதலில் சொன்னபோது: "இத நீங்க தனியா சுமக்காதீங்க டீச்சர். பாதியை இங்க எறக்கி வைங்க."

கடைசியாக வெள்ளிக்கிழமை. காலையில் எனக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. பயந்துபோய், மூன்றாம் பாடவேளைக்குப் போவதற்கு முன் உங்களுக்கு எழுதினேன். வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது மேசைமேல் இருந்த என் போனில் வெளிச்சம் வந்தது. "பயப்படாதீங்க டீச்சர். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வகுப்புல நீங்க தனியா இல்ல." செய்தி வந்த நேரம் பதினொன்று நாற்பது. உங்கள் மகளின் போனை நான் பிடுங்கியது பதினொன்று நாற்பத்திரண்டு. தண்டனைப் பதிவேட்டில் நேரத்தை நானே எழுதியிருக்கிறேன்.

ஆக, நாற்பது வயதுப் பெண் ஒருத்தியிடம் மனம்விட்டுப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, என் மாணவியிடம் பேசியிருக்கிறேன். இதை வீட்டில் இருவரும் சேர்ந்து படித்துச் சிரித்தீர்களா என்றுகூடத் தோன்றுகிறது. மன்னியுங்கள், தோன்றியதை எழுதிவிட்டேன்.

பெற்றோர் பெயரில் பொய்யாக எழுதினால் பள்ளியிலிருந்து நீக்கம் என்பது விதி. பத்தாம் வகுப்பில் நடுவில் நீக்கினால் வேறு பள்ளியில் எடுக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் நான் தலைமையாசிரியையிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் போனைத் திறக்கச் சொல்வார்கள். திறந்தால் என் விஷயமும் வெளியே வரும். அவளுக்குப் பள்ளி போகும், எனக்கு வகுப்பு போகும். அதற்குள் நீங்கள் அவளிடம் கேட்டு எழுதுங்கள்.

வகுப்பாசிரியை


ஆகஸ்ட் 10, ஞாயிறு

டீச்சர் அவர்களுக்கு,

இரண்டு நாளாக இந்தத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

நாற்பத்திரண்டில் முடிவது அவருடைய எண். படிவம் நிரப்பினபோது அவர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெற்றோர் எண் என்று கேட்டதும் கை தானாக அதை எழுதிவிட்டது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அதுதான், என் எண்ணே எனக்குத் தெரியாது. அப்புறம் பாடத்துக்குப் போன் வேண்டும் என்றதும் அந்தப் போனையே எடுத்து அவள் கையில் கொடுத்தேன். நானே கதவைத் திறந்துவைத்துவிட்டு, திருட்டுப் போச்சு என்று உங்களிடம் சண்டைக்கு வந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை உங்கள் கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்து, அவளை எதிரில் உட்கார வைத்தேன். முதலில் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஓங்கின கையைப் பார்த்துக்கொண்டே அவள் பேசினாள்.

"மொதல்ல டீச்சர் அனுப்பினது வீட்டுப்பாடம் பத்தித்தான்னு சரின்னு போட்டேம்மா. அப்புறம் டீச்சர், உங்க பொண்ணு நல்லா படிக்கிறா, உங்களுக்குப் பெருமையா இருக்கணும்னு எழுதினாங்க. அதுக்கு என்ன போடறது? பெருமையா இருக்குன்னு நீ போட்டா எப்படிப் போடுவேன்னு யோசிச்சு போட்டேன். அப்புறம் நிறுத்த முடியல."

"கூட்டத்துக்கு வரலைன்னு ஏன்டி பொய் எழுதின?"

"நீ வந்தேன்னு எனக்குத் தெரியாதும்மா. நீ சொல்லவே இல்லையே."

நான் பேச்சை மாற்றினேன்.

உங்கள் விஷயம் என்ன என்று கேட்டேன். டீச்சர், இதை நீங்கள் கட்டாயம் நம்ப வேண்டும். அதட்டினேன், கெஞ்சினேன், பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பயமுறுத்தினேன். "அது டீச்சரோட விஷயம்மா. உன்கிட்ட சொன்னதா நெனச்சுச் சொன்னாங்க. உன்கிட்ட சொல்லல. அதனால உனக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். கடைசிவரை சொல்லவில்லை. என் வயிற்றில் பிறந்தவள் என்னிடமே மறைக்கிறாள் என்று கோபமாக வந்தது. கூடவே, யாரிடம் கற்றுக்கொண்டாள் இந்த அழுத்தத்தை என்று எனக்குள் கேட்டும் கொண்டேன்.

நாங்கள் சேர்ந்து சிரித்தோமா என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டில் சேர்ந்து சிரித்து நாளாகிறது.

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள். நீங்கள் பார்த்து எழுதியதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, பொறாமை. அவள் எழுதின அந்த அம்மாவைப் பார்த்துப் பொறாமை. என்னைவிட நல்லவளாக இருக்கிறாள். நல்ல வார்த்தை பேசுகிறாள். என் பெண்ணுக்கு இப்படி ஒரு அம்மா வேண்டியிருந்திருக்கிறது, இல்லாததால் அவளே ஒருத்தியைச் செய்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்து மனசு ஆறவில்லை.

அப்புறம் அந்த மார்க் சீட்டு விஷயத்தை மறுபடி படித்தேன். டீச்சர், நான் அதை உண்மையிலேயே எடுத்துப் பார்த்தேன். அவள் குளிக்கப் போனபோதுதான். இரண்டு தடவைதான். இதை அவள் எப்படி எழுதினாள்? கதவிடுக்கில் நின்று பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் தலை துவட்டிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள்.

என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். பள்ளிக்கூடத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். சலவை அறையில் என் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்தில் அவளை நான் பார்க்கக் கூடாது. படிவத்தில் தப்பான எண் எழுதியது நான். சட்டப்படி முதல் குற்றவாளி நான்தான் என்று தலைமையாசிரியையிடம் எழுதித் தரவும் தயார்.

பாப்புவின் அம்மா


ஆகஸ்ட் 12, செவ்வாய்

அன்புள்ள அம்மா,

இந்த முறை யோசிக்காமல்தான் இப்படி விளித்தேன்.

உங்கள் மகள் சொல்லாததை நான் சொல்கிறேன். எனக்கு இடது காது கேட்காது. இரண்டு வருடமாகக் குறைந்துகொண்டே வந்து, இப்போது அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. போனைப் பிடுங்கிய அந்த வெள்ளிக்கிழமை வந்த முடிவு, வலதும் குறைகிறது என்றது. மார்ச்சில் நீங்கள் நின்ற ஜன்னல் பக்கம் என் இடது பக்கம். மூன்று முறை கேட்டீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு முறைகூடக் கேட்கவில்லை. உங்கள் கையில் சோப்பு வாடை அடித்திருந்தால், அதை மோந்தாவது திரும்பியிருப்பேன்.

போன வருடம் எனக்குச் சுலபமாக இருந்தது. பிள்ளைகள் வகுப்பிலேயே சந்தேகங்களைப் போனில் எழுதிப் போடுவார்கள், நான் படித்துவிட்டுப் பதில் சொல்வேன். கரும்பலகையைக் கையால் எழுதாமல் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், பரீட்சையில் கோட்டைவிடுகிறார்கள் என்று துணிப்பையைக் கொண்டுவந்தார்கள். நியாயம்தான். இப்போது வாயால் கேட்கிறார்கள், கையால் எழுதுகிறார்கள். வகுப்பு உயிரோடு இருக்கிறது. எனக்குத்தான் கேட்பதில்லை. தெரிந்தால் என்னை நூலகத்தில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று ஊமையாக இருந்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் என்ற நாளில் உங்களுக்கு எழுதினேன். அதாவது அவளுக்கு.

இன்னொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏப்ரலிலிருந்து அவள் ஒரு பழக்கம் பிடித்திருந்தாள். எந்தப் பிள்ளை கேள்வி கேட்டாலும், எழுந்து நின்று, "டீச்சர், மூணாவது கணக்குல ரெண்டாவது வரி எப்படி வந்துச்சுன்னு கேக்கறான்" என்று உரக்கத் திருப்பிச் சொல்வாள். இடமும் மாற்றிக்கொண்டு என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். பெரிய மனுஷி ஆகிறாள், என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று சந்தேகப்பட்டேன். இரண்டு முறை வெளியே நிற்க வைத்திருக்கிறேன். நின்றாள். மறுநாள் மறுபடி திருப்பிச் சொன்னாள். "வகுப்புல நீங்க தனியா இல்ல" என்ற வரியை நேற்று மறுபடி படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. எவ்வளவு முட்டாள் நான்.

இன்று காலை தலைமையாசிரியையிடம் போனேன். என் காதைப் பற்றிச் சொன்னேன். போனைப் பற்றி, துணிப்பையில் சோப்புப் பெட்டி போட்டதற்குப் பதினோரு நாள் போன் பறிமுதல் என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். பெற்றோர் எண் தவறாகப் பதிவாகியிருக்கிறது, திருத்த வேண்டும் என்றேன். அவை இரண்டும் உண்மை. மீதி உண்மையை யாரும் கேட்கவில்லை. என் வகுப்பைப் பற்றி, "யோசிச்சு சொல்றேன்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களைப் போலவே எனக்கும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

பிறகு வகுப்புக்குப் போய், "எனக்கு இடது காது கேக்காது. கையைத் தூக்குங்க, நான் பார்த்ததும் பேசுங்க" என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "அது எங்களுக்கு எப்பவோ தெரியும் டீச்சர்" என்றான். நான் உடனே உங்கள் மகளைத்தான் பார்த்தேன், புத்தி போகவில்லை. அவன், "யாரும் சொல்லல டீச்சர். ஜன்னல்ல கூப்பிட்டா நீங்க கதவப் பாப்பீங்க" என்றான். நாற்பது பேருக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஒருத்திதான் மறைத்துக்கொண்டிருந்தேன்.

அவளோடு தனியாக இன்னும் பேசவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவளிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது, அவளைத்தான் எனக்குத் தெரியாது. போனை இந்தக் கடிதத்தோடு ஆயாவிடம் கொடுத்தனுப்புகிறேன். சோப்புப் பெட்டியும் உள்ளே இருக்கிறது.

வகுப்பாசிரியை


ஆகஸ்ட் 14, வியாழன்

அன்புள்ள டீச்சருக்கு,

போனும் சோப்புப் பெட்டியும் வந்து சேர்ந்தன. ஆயாக்கா, "என்ன ரெண்டு பேரும் லவ் லெட்டரா எழுதிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். இனி அவருக்கு இந்த வேலை இல்லை.

மார்ச் மாதம் உங்களைப் பற்றி நினைத்ததற்கெல்லாம் மன்னித்துவிடுங்கள். ஐந்து மாதம் அந்த எரிச்சலைச் சுமந்தேன், எல்லாம் நின்ற பக்கம் தப்பாகப் போனதால்.

பதிவேட்டில் என் எண்ணைத் திருத்தச் சொன்னீர்களாம், நல்லது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்காது. எழுதிப் போட்டால் எனக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும். நமக்கு வாய்த்தது தாள்தான். மாதம் ஒன்று எழுதுங்கள், போதும். வகுப்பை உங்களிடமிருந்து எடுத்தால் அன்றே எழுதுங்கள். அரை நாள் விடுப்புப் போட்டுத் தலைமையாசிரியை முன்னால் வந்து நிற்பேன். இந்த முறை உங்கள் வலது பக்கம்.

போனை நான் திறந்து பார்க்கவில்லை. பார்க்கத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனாலும் பார்க்கவில்லை. அவளிடமே கொடுத்துவிட்டேன். "இனிமே துணிப்பைக்குள்ள போன்தான் போகணும்" என்றேன். "சோப்புப் பெட்டி?" என்றாள். "அது குளிக்கிற எடத்துல இருக்கட்டும்" என்றேன். சிரித்தாள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அதற்குமேல் பேச வரவில்லை. தினமும் சொல்லிவிட வேண்டும் என்று எதிரில் உட்காருகிறேன். சாப்பாடு போதுமா, விளக்கை அணைத்தாயா என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். பழக்கதோஷம். எனவே உங்களுக்கு எழுதுகிறேன்.

டீச்சர், என் மகள் கெட்டிக்காரி. கணக்கில் மட்டும் இல்லை. அடுத்தவர் ரகசியத்தை என்னிடம்கூடச் சொல்லாத நெஞ்சு அவளுக்கு இருக்கிறது. வெளியே நிற்க வைத்தபோதும் காரணம் சொல்லாமல் நின்றாள். இது அவள் அப்பாவிடம் இருந்த குணம், என்னிடம் இல்லை. அவளைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. போன செப்டம்பரில் தொண்ணூற்றொன்றைப் பார்த்துவிட்டு, அவள் வெளியே வருவதற்குள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான். அதையும் பார்த்திருப்பாள், எனக்காக விட்டிருப்பாள்.

அவள் எழுதின அம்மாவும் நானும் ஒருத்திதான் என்று அவளுக்கு யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

இந்தக் கடிதத்தை ஒட்டவில்லை. தைக்கவும் இல்லை. நாலாக மடித்து அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். என் பேருக்கு வந்ததையெல்லாம் பதினோரு மாதம் படித்தவள், நான் எழுதினதையும் வழியில் பிரித்துப் படிப்பாள். உங்கள் கைக்கு வரும்போது கசங்கியிருந்தால் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாப்புவின் அம்மா,
நானேதான்.